ஸ்டென்டா, பைபாஸா, மாத்திரையே போதுமா? கேத் லேப் வாசலில் நின்றவனின் ஒப்பீடு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. உள்ளே, ஆஞ்சியோ என்கிற இதயக்குழாய்ப் படம் எடுக்கும் கேத் லேப் மேஜையில் மாமா மல்லாந்து படுத்திருந்தார். மயக்கமெல்லாம் இல்லை, மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அத்தையும். திரையில் கறுப்பு வெள்ளையாக ரத்தக்குழாய்கள், வேரோடு பிடுங்கிய செடி மாதிரி, துடித்துக்கொண்டே இருந்தன. டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்: “இங்க எண்பது பர்சன்ட். இங்க தொண்ணூறு. இதுவும் எழுபது இருக்கும். டியூப் உள்ளதான் இருக்கு, இப்பவே மூணு ஸ்டென்ட் வெச்சிடலாம். கையெழுத்து மட்டும் போடுங்க.”

அத்தைக்கு வேர்த்துவிட்டது. “போட்டுருவோம் தம்பி. கீறாம முடியிற வழி இருக்கும்போது எதுக்கு யோசிக்கணும்?”

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இன்னைக்கு வைக்கலைன்னா உயிருக்கு ஆபத்தா சார்?” அவர் கொஞ்சம் யோசித்து, “இன்னைக்கேன்னு இல்ல...” என்று இழுத்தார். அந்த இழுவையில் எங்களுக்குப் பத்து நாள் கிடைத்தது. படம் பதிந்த சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடைத்த குழாயைப் பலூனால் விரித்து உள்ளே உலோக வலையை வைப்பது ஸ்டென்ட். அடைப்பைத் தாண்டி வேறு குழாயை ஒட்டுவது பைபாஸ். இரண்டும் இல்லாமல் மாத்திரை மட்டும் என்பது மூன்றாவது வழி. அந்தப் பத்து நாளில் படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் வீட்டு ஆளுக்கு எது சரி என்பதை அவருடைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. இது நிதானமாக யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கான ஒப்பீடு. நெஞ்சைப் பிசைகிற வலி, குப்பென்று வியர்வை, உட்கார்ந்தும் தணியவில்லை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது படிப்பதை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். மாரடைப்பில் குழாய் முழுசாக மூடிக்கொண்டு இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். சீக்கிரம் பலூன் போட்டுத் திறப்பதுதான் அங்கே வழி. அந்த வசதிக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர முடியாத ஊர் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. தமிழ்நாட்டில் 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஸ்டென்டா பைபாஸா என்று பட்டிமன்றம் நடத்த நேரமில்லை.

மாமாவுக்கு அப்படி இல்லை. வயது 61, சுகர் பதினைந்து வருஷம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கும், நின்றால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

மாத்திரை மட்டும்

இதை ஒரு சிகிச்சையாகவே நம் ஆட்கள் ஒத்துக்கொள்வதில்லை. “அடைப்பு அப்படியே இருக்குமே, மாத்திரை அதை எடுத்துருமா?” என்று கேட்பார்கள். எடுக்காது. ஆனால் மாரடைப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே மாறிவிடும். வருஷக்கணக்கில் மெல்லமெல்ல அடைந்து, கடைசியில் நூறு சதவீதம் ஆவதால் வரும் மாரடைப்பு குறைவு. பெரும்பாலும் குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை மூடிவிடுகிறது. அந்தத் திட்டு முப்பது நாற்பது சதவீத அடைப்பாகவும் இருக்கலாம். ஆஞ்சியோவில் யாரும் பேனா முனையால் தொட்டுக் காட்டாத இடம் அது.

அந்தத் திட்டைக் கெட்டிப்படுத்துவது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. 1970-களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி பூஞ்சைகளை அலசிக் கண்டெடுத்த வகை இது. 1987-ல் அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. இதயநோய் மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேரைக் காப்பாற்றிய பொருள் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின். பிரஷரையும் சுகரையும் பிடித்து வைப்பது, பீடி சிகரெட்டை விடுவது எல்லாம் இதோடு சேர்த்தி.

இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வின் முடிவு 2019 நவம்பரில் வெளியானது. மாமாவைப் போல நிலையான நெஞ்சிறுக்கம் உள்ள, பரிசோதனையில் ரத்த ஓட்டக் குறைவு தெளிவாகத் தெரிந்த 5,179 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாத்திரையோடு ஆஞ்சியோவும், தேவைப்பட்டால் ஸ்டென்டோ பைபாஸோ. மறுபாதிக்கு முதலில் மாத்திரை மட்டும், அதற்கு அடங்காவிட்டால்தான் மற்றதெல்லாம். மூன்று வருஷத்துக்கும் சற்று மேல் கவனித்ததில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 145, இரண்டாம் பிரிவில் 144. எழுத்துப்பிழை இல்லை, ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம்.

அதற்காக எல்லாரும் மாத்திரையோடு நின்றுவிடலாம் என்று அர்த்தமில்லை. அடிக்கடி நெஞ்சு வலித்தவர்களுக்கு, குழாயைச் சரிசெய்த பிறகு வலி நன்றாகவே குறைந்தது. மாத்திரைப் பிரிவிலும் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பின்னால் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் போனார்கள். இன்னொன்று முக்கியம்: ‘லெஃப்ட் மெயின்’ என்கிற, இடது பக்கத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் முதல் குழாயில் கணிசமான அடைப்பு இருந்தவர்களையும், இதயத்தின் பம்ப் சக்தி ரொம்பக் குறைந்தவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரிப்போர்ட்டில் அந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.

பலூனும் ஸ்டென்டும்

இந்த வைத்தியம் பிறந்தது ஒரு சமையலறையில். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சின்னச் சின்னப் பலூன்களைக் குழாய் முனையில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். உதவியாளரும் அவரவர் வீட்டாரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது இன்சூரன்ஸ் விற்பனையாளர் ஒருவரின் இதயக் குழாயில் முதல் பலூன் விரிந்தது. பத்து வருஷம் கழித்து எடுத்த ஆஞ்சியோவிலும் அந்த இடம் திறந்தே இருந்தது.

எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. வெறும் பலூனால் விரித்த குழாய்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சில மாதங்களில் மறுபடி சுருங்கின. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வலைபோன்ற உலோகக் குழாயை, அதாவது ஸ்டென்டை உள்ளே வைத்தார்கள். அதே 1986-ல்தான் இதய மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் இந்தியாவில் இந்தப் பலூன் சிகிச்சையை, அதாவது ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்தார். ஸ்டென்ட் வந்ததும் சுருங்குவது குறைந்தது, நிற்கவில்லை. உலோகத்தைப் பார்த்த குழாய்ச் சுவர், காயம் ஆற்றுகிறேன் பேர்வழி என்று தசையை வளர்த்து மறுபடி அடைத்தது. வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஸ்டென்ட் மேலேயே பூசுவது அடுத்த படி. முதலில் பூசியது சிரோலிமஸ். பசிபிக் கடலின் நடுவே ஈஸ்டர் தீவில் 1964-ல் அள்ளிய மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா தந்த மருந்து அது. அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் சுரேன் சேகல் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாலோ நகரில் முதல் நோயாளிக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றைக்கு வைப்பதெல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான். திரும்ப அடைபடுவது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதன் நல்ல பக்கம் அத்தை சொன்னதேதான்: கீறல் இல்லை. மணிக்கட்டு வழியாகப் போய், இரண்டு நாளில் வீடு, ஒரு வாரத்தில் வேலை. ஒன்றிரண்டு இடத்தில் குட்டையான அடைப்பு, வலி மாத்திரைக்கு அடங்கவில்லை, சுகர் இல்லை என்றால் நானும் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

ஆனால் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, அந்தச் சதவீதம். எண்பது, தொண்ணூறு என்பது திரையைப் பார்த்துக் கண்ணால் போடும் மதிப்பு. ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் எண் மாறும். நடுத்தர அடைப்புக்கு எப்.எப்.ஆர். என்று ஒரு சோதனை உண்டு. நுனியில் அழுத்தமானி வைத்த மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி நுழைத்து, அடைப்புக்கு முன்னே எவ்வளவு அழுத்தம், பின்னே எவ்வளவு என்று அளப்பார்கள். பின்னே உள்ளதை முன்னே உள்ளதால் வகுத்து வருவது 0.80-க்கு மேல் இருந்தால் ரத்தம் போதுமான அளவு போகிறது, அந்த இடத்தில் பொதுவாக ஸ்டென்ட் தேவையில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அப்பாவுக்கு ‘எழுபது சதவீதம்’ என்றார்கள். கம்பி விட்டு அளந்தால் 0.86. மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். மனிதர் நாலு வருஷமாகக் காலையில் வாக்கிங் போகிறார்.

இரண்டாவது, ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையும் வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர் என்றால் ஒரு வருஷம், ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அல்சரில் ரத்தம் கசிகிறவர், மூலம் உள்ளவர், மூன்று மாதத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர் எல்லாம் இதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். “பல்லு பிடுங்கணும்னு ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்துனேன்” என்று வந்து நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்ப்பதாக எங்கள் இரண்டாவது டாக்டர் சொன்னார்.

எந்த ஸ்டென்ட் என்ற கேள்விக்குத் தேவைக்கு மேல் மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். “இம்போர்ட்டட் போடவா, இண்டியன் போடவா” என்று பில்லிங் கவுன்டரில் கேட்பார்கள். கேட்கிற தொனியிலேயே நமக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். சூரத்தில் தயாராகும் சூப்ராஃப்ளெக்ஸ் ஸ்டென்டை, பெயர்போன வெளிநாட்டு ஸ்டென்டான சையன்ஸோடு ஐரோப்பாவிலேயே 1,435 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் நம்முடையது எந்த வகையிலும் சளைத்ததாக இல்லை. 1990-களிலேயே ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம், ஹைதராபாத் இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கியதும் நினைவிருக்கலாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு முந்தைய நாள் வரை லட்சத்தைத் தாண்டி விற்றதெல்லாம் ஒரே ராத்திரியில் இறங்கியது. உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது, எனவே இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு ஸ்டென்டுக்கு மட்டும்தான், மொத்த பேக்கேஜுக்கு இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

‘கரையும் ஸ்டென்ட்’ பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் சுற்றுகிறது. வேலை முடிந்ததும் உடம்பிலேயே கரைந்துபோகும் என்பது கேட்க அழகான யோசனை. 2016-ல் அமெரிக்காவிலும் அப்சார்ப் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அதன் கம்பிகள் தடிமன், 150 மைக்ரான். இன்றைய நல்ல உலோக ஸ்டென்டின் கம்பி அதில் பாதிதான். கரைவதற்கு முன்னால் அதற்குள் ரத்தம் உறைவது அதிகமாக இருந்ததால் 2017-லேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். புதியது என்பதற்காகவே அதிகக் காசு கொடுக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். மாறாக, சுண்ணாம்பு படிந்து கல்லாகிப்போன அடைப்புக்கு வந்திருக்கும் கருவிகள் நிஜமாகவே உதவுபவை. ஒன்று வைரத்துகள் பதித்த சிறு துரப்பணம். இன்னொன்று, சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல அதிர்வலையால் சுண்ணாம்பை உடைக்கும் பலூன். எல்லாருக்கும் தேவைப்படாது, தேவைப்படும் இடத்தில் இதைத் தவிர்த்துவிட்டு ஸ்டென்டைத் திணிப்பது சரியில்லை.

பைபாஸ்

அத்தை இந்த வார்த்தையைக் கேட்டதும் அழுதார். நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறப்பதை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கருத்து எளிமையானது, பெயரிலேயே இருக்கிறது. ஊருக்குள் நெரிசல் என்றால் வெளியே ஒரு சாலை போடுவதுபோல, அடைப்பைத் தொடாமல் அதைத் தாண்டி வேறொரு குழாயை ஒட்டுவது. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துச் செய்து இந்த அறுவையைப் பரவலாக்கினார். எட்டே வருஷத்தில் அது சென்னைக்கு வந்துவிட்டது: 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்ததுதான் இந்தியாவின் முதல் பைபாஸ். கால் சிரைகளுக்கு ஒரு குறை உண்டு. அவை தமனியின் அழுத்தத்துக்குப் பழகியவை அல்ல, பத்து வருஷத்தில் சுமார் பாதி அடைபட்டுவிடும். நெஞ்செலும்புக்கு உள்பக்கம் ஓடும் தமனியை, டாக்டர்கள் ‘லிமா’ என்பது, எடுத்து எல்.ஏ.டி. என்கிற முன்பக்க முக்கியக் குழாயில் ஒட்டினால் பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். அறுவை நிபுணரிடம் “லிமா போடுவீங்களா?” என்று கேளுங்கள். ஆம் என்பார். கேட்டதில் தப்பில்லை.

சுகர் உள்ளவர்களிடம் கணக்கு மாறுவது இங்கேதான். ஸ்டென்ட் அந்த ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரை மட்டும் சரிசெய்கிறது. சுகர்க்காரர் குழாயில் நோய் நெடுகப் பரவியிருக்கும். இன்றைக்கு இங்கே ஸ்டென்ட், இரண்டு வருஷத்தில் அதற்கு மேலே ஒரு திட்டு வெடிக்கலாம். பைபாஸ் குழாய் கீழே போய்ச் சேர்வதால், மேலே நாளைக்கு வரப்போகும் அடைப்புக்கும் சேர்த்தே மாற்றுவழி கிடைத்துவிடுகிறது. 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், சுகரும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து வருஷத்தில் இறப்போ மாரடைப்போ பக்கவாதமோ ஏதோ ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. இறப்பை மட்டும் எடுத்தால் 16.3-க்கு 10.9. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பக்கவாதம் பைபாஸில்தான் அதிகம், 5.2 சதவீதம், ஸ்டென்டில் 2.4.

சுகர் இல்லாதவர்களுக்கு சின்டாக்ஸ் மதிப்பெண் உதவும். ஆஞ்சியோ படத்தைப் பார்த்து அடைப்பு எங்கே, எத்தனை, எவ்வளவு சிக்கல் என்று கூட்டிப் போடுவது. 22 வரை என்றால் ஸ்டென்டும் நன்றாகத்தான் நிற்கும், 33-ஐத் தொட்டால் பைபாஸ் பக்கம் தராசு நன்றாகவே சாயும். கேட்டால் போட்டுத் தருவார்கள். சுகர் உள்ள மாமாவுக்கும் போட்டுப் பார்த்தார்கள்: 31, இரண்டுக்கும் நடுவில்.

செலவைவிடச் சிரமம்தான் பெரிது. ஐ.சி.யூ.வில் இரண்டு மூன்று நாள், மொத்தம் ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, எலும்பு கூட இரண்டு மூன்று மாதம். குடம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும், சிரை எடுத்த கால் வீங்கும். எண்பது வயது, நுரையீரல் மோசம், சிறுநீரகம் தளர்வு என்றால் புத்தகக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டென்டே உத்தமம் என்று டாக்டர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

எங்களுக்குச் சிக்கலே, ஸ்டென்ட் வைப்பவரைக் கேட்டால் ஸ்டென்ட், அறுப்பவரைக் கேட்டால் அறுவை. கடைசியில் இதய நிபுணரும் அறுவை நிபுணரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சி.டி.யைப் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியைத் தேடிப் போனோம். இருவரும் சேர்ந்து கால் மணி நேரம் பேசினார்கள், நடுவில் எங்களை மறந்தே போனார்கள். பிறகு இதய நிபுணரே, தன் கைக்கு வரவேண்டிய கேஸ் என்றும் பாராமல், “சுகர் இருக்கு, மூணு குழாய், எல்.ஏ.டி. ஆரம்பத்துலயே நோய். நான்னா எங்க அப்பாவுக்கு பைபாஸ்தான் சொல்வேன்” என்றார். அத்தை அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் இரண்டுமே உண்டு என்பதால் பணத்தை வைத்து ஒன்றைத் தள்ள வேண்டிய நிலையும் இல்லை.

மூன்று பைபாஸ், லிமா ஒன்று, கால் சிரை இரண்டு. நான்காம் நாள் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு மாமா இருமினார். இருமும்போது எலும்பு அசையாமல் இருக்க அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னபோது அதை ஊது ஊதென்று ஊதி, பந்து எழும்பவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார். “உறிஞ்சணும் அப்பா, ஊதக் கூடாது” என்று அந்தப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னது.

இப்போது மாடிப்படி ஏறுகிறார், இறுக்கம் இல்லை. ஸ்கூட்டருக்கு மட்டும் மூன்று மாதம் தடை. இன்னும் பதினோரு நாள் பாக்கி. சாவி அரிசி டிரம்முக்குள் இருப்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும்.